யவனர் தேறலும் எங்க வீட்டு ஷோகேஸும்

எங்க வீட்டு ஷோகேஸ்ல பதினோரு வருஷமா ஒரு ஒயின் பாட்டில் நின்னுட்டு இருந்துச்சு. முதலிபாளையத்துல அப்பா சின்னதா பனியன் யூனிட் ஆரம்பிச்சு, முதல் ஏற்றுமதி ஆர்டரை முடிச்சப்போ வெளிநாட்டு பையர் ஒருத்தர் கொடுத்தது. அப்பா குடிக்க மாட்டார். 'ஒயின் பழசாகப் பழசாகத்தான் ருசி'ன்னு யாரோ சொன்னதை நம்பி, டியூப்லைட்டுக்குக் கீழே நேரா நிக்க வச்சுட்டார். போன மாசம் வீட்டுக்கு வந்த மாமா கேட்டார்னு திறந்தோம். கார்க் பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. உள்ளே... சுத்தமான வினிகர்! அப்பா முகத்தைப் பார்க்க முடியல.

பொட்டி தட்டுறவனுக்கு பக் எங்கேன்னு கண்டுபிடிக்காம தூக்கம் வருமா? தேடிப் போனேன், ரெண்டாயிரம் வருஷம் பின்னாடி போய் நின்னுட்டேன் :-)

முதல்ல பக். ஒயினுக்கு ரெண்டு எதிரி: காத்து, சூடு. பாட்டிலைப் படுக்க வச்சாத்தான் கார்க் ஈரமா இருக்கும். காஞ்சா சுருங்கி காத்து உள்ளே போகும், பாக்டீரியா ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமா மாத்திடும். சூடு 12-13 டிகிரியில ஏறாம இறங்காம இருக்கணும். நம்ம ஊர் சித்திரை வெயில் 38-ஐத் தாண்டும். இன்னொண்ணு, எல்லா ஒயினும் பழசானா நல்லாயிடாது. பெரும்பாலானது சில வருஷத்துக்குள்ள குடிக்கிறதுக்குன்னே செய்யறது.

சரி, இதே வெயில்ல சங்ககாலத்து ஆளுங்க என்ன பண்ணாங்க?

புறநானூறு 56-ல நக்கீரர், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமான தேறலைப் பொற்கலத்துல குடிச்சு மகிழச் சொல்லி பாண்டியன் நன்மாறனை வாழ்த்துறார். இது வெறும் கற்பனை இல்ல. 1945-ல மார்ட்டிமர் வீலர் புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேட்டைத் தோண்டினப்போ ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைச்சது. கிரேக்கத்து கோஸ் தீவு ஜாடி வகையும் அதுல உண்டு. ஒரு ஜாடி சுமார் 25 லிட்டர். மண் ஜாடி கசியுமேன்னு உள்ளே பைன் மரப் பிசின் பூசி, வாயை அடைச்சு முத்திரை வைப்பாங்க. கோஸ் ஒயின்ல கெடாம இருக்க கடல் தண்ணியே கலப்பாங்களாம்! காத்துக்கும் கெடுதலுக்கும் அவங்க போட்ட பூட்டு இது.

யவனச் சரக்கு ராஜாக்களுக்கு. முதல் நூற்றாண்டு பெரிப்ளூஸ் நூல் முசிறிக்கு வந்த சரக்குப் பட்டியல்ல ஒயினும் உண்டு, ஆனா 'அதிகமில்லை'ன்னு சொல்லுது. மத்தவங்களுக்கு உள்ளூர் தயாரிப்புதான். பெரும்பாணாற்றுப்படையில செய்முறையே இருக்கு: ஆறவச்ச அரிசிக் கூழ்ல முளைகட்டின நெல்லை இடிச்சுக் கலந்து, ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி கழிச்சு, ஜாடியில விளைய விடறது. இன்னிக்கு பீருக்கு மால்ட் சேர்க்கிற அதே வேலை. மலைப்பக்கம் மூங்கில் குழாயில ஊத்தி வச்சு முதிர வச்சாங்க. அவ்வையார் நாள்பட்ட தேறலோட வேகத்தைத் தேள் கடிக்கு ஒப்பிடறார் :-)

என்னை உலுக்கினது புறநானூறு 120. பாரியோட பறம்பு நாட்டைப் பாடும்போது, மண்ணுக்குள்ள புதைச்சு முதிர்ந்த கள்ளைச் சொல்றார் கபிலர். மண்ணுக்குள்ள! சில அடி ஆழத்துல பகல்-ராத்திரி வித்தியாசம் கிட்டத்தட்ட இருக்காது. நம்ம மண்ணு பிரெஞ்சு நிலவறை மாதிரி 12 டிகிரிக்கு இறங்காதுதான். ஆனா ஏறி இறங்காம ஒரே சீரா இருக்கும். ஜார்ஜியாக்காரங்க இன்னிக்கும் க்வெவ்ரிங்கிற ஜாடியை மண்ணுல புதைச்சுத்தான் ஒயின் செய்யறாங்க. யுனெஸ்கோ 2013-ல அதை அருவப் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு. நாம பாட்டுல மட்டும் வச்சிருக்கோம். தமிழ்நாட்டுல 1987-லிருந்து கள்ளுக்கே தடை. சரியா தப்பாங்கிற சண்டை தனி. ஆனா ஒரு பொருளைத் தடுக்கும்போது அதைப் பத்தின கைப்பக்குவமும் சேர்ந்தே போயிடுது.

இத்தனைக்கும் நொய்யல் கரையோட கிழக்கே போனா கொடுமணல். பதிற்றுப்பத்து பேசுற அதே கொடுமணம், ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே மணி செஞ்சு தூரதேசத்துக்கு அனுப்பின ஊர். அன்னிக்கு மணி, இன்னிக்கு பனியன். வியாபாரிகளோட பழகத் தெரிஞ்ச நமக்கு அவங்க கொடுத்ததைக் காப்பாத்தத் தெரியல.

உங்க வீட்டுலயும் பாட்டில் இருந்தா: இருட்டான, தரைத்தள அலமாரியோட அடித்தட்டு, படுக்கை வசம். ஏசி இல்லேன்னா வருஷக்கணக்குல வைக்காதீங்க.

அப்பா அந்த பாட்டிலைக் கழுவி மறுபடியும் ஷோகேஸ்லயே வச்சுட்டார். அவருக்கு அது ஒயின் இல்ல, முதல் ஆர்டர். நானும் படுக்க வைங்கன்னு சொல்லல.

டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். உங்க ஊர் பாட்டிகள் எதையாவது மண்ணுல புதைச்சு வச்ச கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.