கோஜிராவும் காட்ஸில்லாவும்: சாட்சி யார்?

1954 மார்ச் 1. பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றிலிருந்த 23 பேர்மேல் விழுந்தது. செப்டம்பரில் ஒருவர் இறந்தார். நவம்பர் 3-இல் இஷிரோ ஹோண்டாவின் ‘கோஜிரா’ வெளியாயிற்று. கப்பலொன்று தீப்பற்றி மூழ்குவதில்தான் படம் தொடங்குகிறது. அன்றைய பார்வையாளனுக்கு விளக்கவுரை வேண்டியிருந்திருக்காது.

1956-இல் அமெரிக்காவில் வெளிவந்த மறுபிரதியில் 96 நிமிடம் ஏறக்குறைய 80 ஆனது. ரேமண்ட் பர் நடித்த அமெரிக்க நிருபர் உள்ளே நுழைக்கப்பட்டார். நாகசாகியில் தப்பிப் பிழைத்ததைப் பற்றி ரயிலில் ஒரு பெண் பேசும் காட்சியை வெட்டி எறிஞ்சாச்சு.

இதைத் தணிக்கை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது என்றே எனக்குப் படுகிறது. ஏனென்றால் ஹைட்ரஜன் குண்டு என்ற சொல் அமெரிக்கப் பிரதியிலும் இருக்கத்தான் செய்கிறது. மாறியது சொல் இல்லை, சொல்லும் வாய். ஜப்பானியர்கள் பல இடங்களில் தங்கள் மொழியிலேயே பேசுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் அதிகாரி நிருபருக்கு மொழிபெயர்க்கிறார். அவருக்குப் புரிந்த பிறகே பார்வையாளனுக்குப் புரியும். செத்தவன் ஜப்பான்காரன், சாட்சி மட்டும் அமெரிக்கன். அதாவது, குண்டு போட்ட தரப்பே சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறது.

மூலத்தின் முடிவில் டாக்டர் யாமானே, சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு கோஜிரா வரலாம் என்கிறார். அமெரிக்கப் பிரதியிலோ, ஆபத்து நீங்கிற்று, உலகம் இனி வாழலாம் என்று நிருபர் கணக்கை முடித்துவைக்கிறார். முடியாத கணக்கு அது. மூலப்படம் வெட்டில்லாமல் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக ஓட 2004 ஆயிற்று. யாமானேயின் எச்சரிக்கை கடல் கடக்க ஐம்பது வருஷம்.