கடை மூடிய பின் பேரேடு

பர்மாவில் நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்திய லேவாதேவிக் கடைகளில் தரையில் விரித்த பாய், கைப்பெட்டி, பின்னால் ஓர் இரும்புப் பெட்டி, இவைதான் தளவாடம். அன்றாட வரவு செலவு குறிப்பில் ஏறும். அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். வட்டிக்குத் தனிச் சிட்டை. எல்லாம் தமிழில். 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டபோது இப்படிப்பட்ட கடைகள் சுமார் 1,650 இருந்தன.

பேரேட்டில் இரு தரப்பாரின் ரகசியம் இருந்தது. பணம் போட்டவர்கள் ஒருபுறம்: உறவின்முறையார், கோயில்கள், சீதனப் பணத்தை வட்டிக்கு விட்ட பெண்கள். யார் எவ்வளவு போட்டிருக்கிறார் என்பது செட்டிநாட்டில் கசிந்தால் கல்யாணப் பேச்சுகூட முறிந்திருக்கும். மறுபுறம் நிலத்தை ஈடு வைத்த பர்மிய விவசாயிகள். இந்த ரகசியத்தைக் காத்ததில் பூட்டைவிட ஆளுக்கே பங்கு அதிகம். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாளாக உயர்ந்தவர்கள் பெரும்பாலும் சொந்தச் சமூகத்தார். நாணயம் கெட்டவருக்கு அடுத்த கடையில் இடம் கிடைப்பது அரிது. பொறுப்பிலிருந்த ஏஜெண்டுக்கு வழக்கமாக மூன்றாண்டுத் தவணை. முடிந்ததும் ஊரிலிருந்த முதலாளிக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

சட்டம் இவர்களுக்கு அரைகுறையாகவே துணை நின்றது. 1891ஆம் ஆண்டின் வங்கியர் ஏடுகள் சாட்சியச் சட்டப்படி, வங்கி தன் ஏட்டைக் கோர்ட்டுக்குத் தூக்கிவர வேண்டாம். சான்றிட்ட நகல் போதும். ஒருவர் வழக்குக்காக மற்றவர்கள் கணக்கும் அம்பலமாவது இதனால் நின்றது. ஆனால் அந்தப் பாதுகாப்பு கம்பெனி வங்கிகளுக்குத்தான் தானாகக் கிடைத்தது. தனியாள் கடைக்கும் கூட்டுக் கடைக்கும் அரசு அறிவிக்கை போட்டு நீட்டினால்தான் உண்டு. வருமான வரி அதிகாரி ஏடுகளைக் கேட்டால் காட்டத்தான் வேண்டும்; பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்று 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு அவரைக் கட்டிப்போட்டது.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. மறு மார்ச்சில் நகரமே ஜப்பானியர் வசமாயிற்று. லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும் கால்நடையாகவும் கிளம்பினார்கள். ஒழுங்காகக் கணக்கு முடித்துக் கடையைச் சாத்த யாருக்கு அவகாசம்? 1930களின் மந்தத்தில் ஈடு மூழ்கிப்போன நிலங்களால், கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு 1938க்குள் நகரத்தார் கைக்கு வந்திருந்தது. 1948இல் பர்மா அரசு நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்ததும், அந்நியர் கண்ணில் படாமல் காத்த ஏடுகளே உரிமைக்கு ஆதாரமாகிவிட்டன. பத்திரத்தையும் பேரேட்டையும் விட்டுவிட்டு வந்தவர் எதைக் காட்டுவார்?

இந்தியாவில் இன்று, கலைக்கப்பட்ட கம்பெனியின் ஏடுகளை என்ன செய்வது என்பதற்கு 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் வழி சொல்கிறது; கலைப்புக்குப் பின் ஐந்தாண்டு கழிந்தால் பொறுப்பு நீங்கும். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் பங்காளி ஏட்டைப் பார்க்கும் உரிமையைச் சொல்கிறதே தவிர, கடை மூடிய பின் வாடிக்கையாளர் விவரத்தை யார் காப்பது என்று பேசவில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் காகிதப் பேரேட்டைத் தொடாது. ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினால்தான் அது அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வரும்.