விண்பயணமும் செவிப்புலனும்



விமானத்தின் வரலாற்றைப் பேசப் புகுவோர் அதன் வேகத்தைப் பற்றிப் பேசுவர். அது எட்டிய உயரத்தைப் பற்றிப் பேசுவர். கடந்த தொலைவைப் பற்றியும் பேசுவர். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் ஓசை. காது கேளாதவர் ஒருவர் விமானத்தில் ஏறிச் செல்லும்போது அவருக்கு நேரும் இடர்கள் யாவை, அவை எப்போது தோன்றின என்பதைச் சற்று ஆராய விரும்புகிறேன். 'எப்போது தோன்றின' என்று நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. அவ்விடர்கள் விமானத்தோடு உடன்பிறந்தவை அல்ல; பின்னர் வந்து சேர்ந்தவை. காது கேளாதாரைப் பற்றி வானொலியில் பேசுவதில் உள்ள முரண்பாட்டை நான் அறியாமல் இல்லை. இவ்வுரை அச்சேறிய பின்னரே உரியவர் கையை அடையும்.

1911-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள், நியூயார்க்கை அடுத்த ஷீப்ஸ்ஹெட் பே என்னும் இடத்திலிருந்து ஓர் இளைஞர் தன்னந்தனியராய் விமானம் ஏறினார். அவர் பெயர் கால்பிரெய்த் பெரி ராட்ஜர்ஸ். அமெரிக்க நாட்டைக் கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை முப்பது நாளுக்குள் வானவழியே கடப்பவருக்கு ஐம்பதாயிரம் டாலர் பரிசு என்று பத்திரிகை அதிபர் ஹர்ஸ்ட் அறிவித்திருந்தார். அப்பரிசை நாடியே அவர் புறப்பட்டார். குழந்தைப் பருவத்தில் கண்ட ஸ்கார்லட் காய்ச்சல் அவருடைய ஒரு செவியின் புலனை முற்றும் அழித்து, மற்றொன்றையும் பழுதாக்கியிருந்தது. அக்குறையினால் கடற்படையில் சேரும் வாய்ப்பு அவருக்கு இல்லாமற் போயிற்று. வானம் அவரைத் தடுக்கவில்லை.

அவர் ஏறிய விமானம் ரைட் சகோதரர்கள் செய்தது. முப்பத்தைந்து குதிரைத் திறன் கொண்ட பொறியுடையது. 'வின் ஃபிஸ்' என்னும் திராட்சைப் பானத்தை விற்ற நிறுவனம் செலவுக்குப் பொருள் தந்தமையால் அப்பானத்தின் பெயரே விமானத்துக்கும் வாய்த்தது. (விளம்பரம் வானில் ஏறியதும் அன்றே போலும்!) மாற்று உறுப்புகளையும் பணியாட்களையும், அவருடைய தாயையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஒரு தனி இரயில் கீழே உடன் சென்றது. வழிகாட்டும் கருவி என்று சொல்லத்தக்கது எதுவும் விமானத்தில் இல்லை. இருப்புப்பாதையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அதன் மேலாகப் பறக்க வேண்டும். விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்பதை அறிய, முன்னே கட்டித் தொங்கவிட்ட கயிற்றுத் துண்டு எப்பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லாம் கண்ணின் வேலை. காதுக்கு அங்கே பணியே இல்லை.

வழியில் அவர் பலமுறை விழுந்தார். விழுந்த ஒவ்வொரு முறையும் விமானத்தைச் செப்பனிட்டு மீண்டும் எழுந்தார். நவம்பர் 5-ஆம் நாள் கலிபோர்னியாவிலுள்ள பாசடீனாவை அடைந்தபோது முப்பது நாள் கெடு கடந்து பரிசு கைநழுவியிருந்தது. எனினும் மக்கள் திரண்டு வந்து அவரை வரவேற்றனர். கடற்கரையையும் தொட்டுவிட வேண்டும் என்று மேலும் சென்றவர், இடையில் ஒருமுறை விழுந்து கணுக்கால் முறிந்து, டிசம்பர் 10-ஆம் நாள் லாங் பீச்சில் பசிபிக் பெருங்கடலின் நீரில் தம் விமானத்தின் சக்கரங்களை நனைத்தார். அமெரிக்கக் கண்டத்தை வானவழியே முதன்முதல் கடந்தவர் அவரே. அடுத்த ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், அதே லாங் பீச்சில், பறவைக் கூட்டத்திடையே பறந்தபோது விமானம் வீழ்ந்து உயிர் நீத்தார்.

ராட்ஜர்ஸ் ஒருவருக்கு மட்டும் வாய்த்த பேறு என்று இதனைக் கொள்ள வேண்டா. அக்காலத்தில் வானில் ஏறியோர் அனைவரும், நற்செவி படைத்தவரே ஆயினும், பொறியின் இரைச்சலில் செவியிழந்தவரே ஆயினர். 1920-களின் இறுதியில் பயணிகளைச் சுமந்த ஃபோர்டு நிறுவனத்தின் மூன்று பொறி விமானங்களில் இரைச்சல் தாங்காமல், காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு வழங்கினர். அருகிலிருப்பவரோடு பேசுவதற்கும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அல்லது தாளில் எழுதிக் காட்ட வேண்டும். விமானி பயணிகளுக்கு ஏதேனும் தெரிவிக்க விரும்பினால், இப்போது எவ்வளவு உயரத்தில் பறக்கிறோம், எந்த ஊரைக் கடக்கிறோம், எப்போது இறங்குவோம் என்று ஒரு சீட்டில் எழுதி அனுப்புவார். அச்சீட்டு வரிசை வரிசையாகக் கைமாறிச் செல்லும். காது கேளாத பயணி ஒருவர் அங்கே அமர்ந்திருந்தால் அவருக்கும் அதே சீட்டு, அதே செய்தி, அதே நேரத்தில். இதனினும் நேர்மையான ஏற்பாட்டை என்னால் எண்ணிப் பார்க்க இயலவில்லை. அதனை வகுத்தோர் காது கேளாதாரை மனத்தில் கொண்டு வகுத்தார் அல்லர் என்பதும் உண்மையே.

தரையிலும் நிலை அதுவே. 1929-ஆம் ஆண்டில் செயின்ட் லூயிஸ் நகரத்து விமானத் தளத்தில் ஆர்ச்சி லீக் என்பவர், ஒரு தள்ளுவண்டியில் நாற்காலியும் குடையும் வைத்துக்கொண்டு ஓடுபாதையின் ஓரத்தில் அமர்ந்து, 'நில்' என்பதற்குச் சிவப்புக் கொடியும் 'செல்' என்பதற்குக் கட்டமிட்ட கொடியும் காட்டி விமானங்களை ஒழுங்குபடுத்தினார். இன்றைய மாபெரும் கட்டுப்பாட்டுக் கோபுரங்களின் மூதாதை அத்தள்ளுவண்டியே எனலாம். அது பேசிய மொழி கண்ணுக்குரிய மொழி.

அதற்கு முந்திய ஆண்டு, 1928 ஜனவரியில், தென் டகோட்டா மாநிலத்தில் நெல்லி ஜேபல் வில்ஹைட் என்னும் பெண்மணி தனியே விமானம் ஓட்டினார். குழந்தைப் பருவத்தில் தட்டம்மை கண்டு செவிப்புலனை இழந்தவர் அவர். அம்மாநிலத்தின் முதற்பெண் விமானியும் அவரே. பொறி சீராக ஓடுகிறதா என்பதை இருக்கையிலும் கைப்பிடியிலும் வரும் அதிர்வே சொல்லிவிடும். அதனை உணரச் செவி வேண்டுவதில்லை.

இவ்வாறு காது கேளாதோர் விமானம் ஓட்டிய அதே காலத்தில்தான் மற்றொரு விந்தையும் நிகழ்ந்தது. செவிப்புலன் அற்றவரை விமானத்தில் உயரே ஏற்றிச் சென்று, சடுதியில் தலைகீழாகப் பாய்ந்தால், அந்த அதிர்ச்சியில் காது கேட்கத் தொடங்கும் என்றொரு நம்பிக்கை 1920-களில் அமெரிக்காவில் பரவிற்று. பெற்றோர் தம் குழந்தைகளைக்கூட இதற்கு ஒப்படைத்தனர். பின்னர் அட்லாண்டிக்கைத் தனியே கடந்து புகழ்பெற்ற சார்லஸ் லிண்ட்பெர்க்கும் தம் தொடக்க நாட்களில் இத்தகைய பயணங்களை நடத்தியவரே. மருத்துவர்கள் கண்டித்தனர், விபத்தில் மாண்டோரும் உண்டு, வழக்கம் மெல்ல மறைந்தது. காது கேளாதவரைக் குணப்படுத்த வேண்டிய நோயாளியாகவே காண்பதா, பயணியாகக் காண்பதா என்னும் கேள்வி அன்றே எழுந்துவிட்டது என்பதற்காக இதனைக் குறிப்பிட்டேன்.

இனி, மாறுதல் எங்கே நேர்ந்தது என்று காண்போம். 1930-ஆம் ஆண்டில் கிளீவ்லாந்து விமான நிலையத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வானொலிக் கருவி அமைந்தது. கொடி மறைந்து குரல் வந்தது. இதனால் விளைந்த நன்மை பெரிது. முகிலிலும் மழையிலும் கொடி தெரியாது, குரல் கேட்கும். எத்தனையோ உயிர்களை அக்குரல் காத்தது. ஆனால் அன்று முதல் வானத்தின் மொழி செவிக்குரிய மொழி ஆயிற்று. அமெரிக்காவில் காது கேளாத விமானிகள் இன்றும் உளர். 'வானொலி தேவைப்படும் பயணங்களுக்குச் செல்லாது' என்னும் வரையறையோடு அவர்களுக்கு உரிமம் வழங்குகின்றனர். கோபுரத்தாரோடு முன்கூட்டி ஏற்பாடு செய்துகொண்டால் விளக்கொளியால் அவர்களுக்கு ஆணை கிடைக்கும். வானில் இருப்பவருக்கு நிலையான பச்சை ஒளி காட்டினால் இறங்கலாம். நிலையான சிவப்பு எனில் வழிவிட்டு வட்டமிட வேண்டும். விட்டுவிட்டு ஒளிரும் சிவப்பு எனில் நிலையம் பாதுகாப்பற்றது, இறங்கலாகாது. வானொலி பழுதுற்ற விமானங்களுக்கென உலகெங்கும் வைத்துக் காத்துவரும் முறை இது.

விமானிக்கு நேர்ந்ததே பயணிக்கும் நேர்ந்தது. பொறியின் இரைச்சல் குறையக் குறைய, விமானத்துக்குள் ஒலிபெருக்கி நுழைந்தது. கைமாறிச் சென்ற சீட்டு மறைந்தது. நிலையத்தின் கூடத்திலும் ஒலிபெருக்கி வந்தது. எந்த வாயில், எந்நேரம், ஏன் தாமதம் என்பன எல்லாம் காற்றில் கலந்து வரும் சொற்களாயின. மற்றவர்க்கு வசதி கூடிய அதே நாளில் ஒரு சாராருக்கு இருந்த வசதி பறிபோயிற்று. செவி முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, ஏற்பாடுதான் மாறியது. இவ்வரலாற்றில் என் மனத்தை உறுத்துவது இதுவே.

பயணச்சீட்டுப் பெறுவதும் தொலைபேசி வழியே என்றாகிவிட்டது. தொலைபேசியோ காது கேளாதவருக்கு வெறும் கரும்பெட்டி. 1964-ஆம் ஆண்டில் ராபர்ட் வைட்பிரெக்ட் என்னும் பௌதிக அறிஞர், தாமே செவிப்புலன் அற்றவர், தட்டச்சுத் தந்திப் பொறியைத் தொலைபேசியோடு இணைக்கும் கருவியைக் கண்டார். அம்முயற்சியில் அவருக்குத் துணைநின்ற ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் காது கேளாத பல்மருத்துவர். விமானம் ஓட்டவும் தெரிந்தவர். ஒருவர் இங்கே தட்டச்சு செய்தால் மற்றொருவர் அங்கே படிக்கலாம். எனினும் விமான நிறுவனத்தாரிடமும் அத்தகைய கருவி இருந்தால்தானே பயன்?

இதற்கிடையே நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. 1950-களின் இறுதியில், வாஷிங்டன் நகரில் காது கேளாதோருக்கென அமைந்த காலடெட் கல்லூரியிலிருந்து பதினொரு ஆடவரை அமெரிக்கக் கடற்படையும் விண்வெளி ஆராய்ச்சித் துறையும் தேர்ந்தெடுத்தன. செவியின் உட்பகுதியில் உடலின் சமநிலையை உணர்த்தும் உறுப்பு ஒன்று உண்டு. அவர்களுள் ஒருவர் நீங்கலாக ஏனையோர்க்கு மூளைச்சவ்வுக் காய்ச்சலால் செவியோடு அவ்வுறுப்பும் பழுதுற்றிருந்தது. ஆகவே தலைசுற்றலோ குமட்டலோ அவர்களை அணுகுவதில்லை. நால்வர், நிமிடத்துக்குப் பத்து முறை சுழலும் இருபது அடி அறையில், பன்னிரண்டு நாட்கள் இடைவிடாது வாழ்ந்து காட்டினர். விண்ணில் எழுந்து சரிந்து, எடையற்ற நிலையைத் தரும் விமானங்களிலும் ஏறினர். நோவா ஸ்கோஷியாவை அடுத்த கொந்தளிக்கும் கடலில் கப்பலேறிச் சென்றபோது இவர்கள் அமைதியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஆராய வந்த அறிஞர்கள்தாம் வாந்தியெடுத்துப் படுத்தார்கள்! மனிதன் விண்வெளிக்குச் செல்லும் முன்னர் அறிய வேண்டியவற்றைக் கற்றுத்தந்தோரில் இவர்களும் அடங்குவர். அவர்களே சாதாரணப் பயணியாய் விமான நிலையத்தில் அமர்ந்திருந்தால், வாயில் மாறிய செய்தி அவர்களை எட்டியிராது.

சட்டம் தாமதமாகவே வந்தது. அரசின் பொருளுதவி பெறாத விமான நிறுவனங்களை ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு எழுப்பிய கிளர்ச்சியின் பயனாக, அதே ஆண்டில் விமானப் பயணத்துக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. 1990-இல் அதன் விதிகள் வந்தன. தொலைபேசியில் முன்பதிவு செய்யும் நிறுவனம் தட்டச்சுத் தொலைபேசியும் வைக்க வேண்டும். பாதுகாப்பு விளக்கத்தைத் திரைப்படமாகக் காட்டினால் அதில் எழுத்தோ சைகைமொழியோ இடம்பெற வேண்டும் என அவை விதித்தன. திருத்திய விதிகள் 2009 மே மாதம் முதல், அந்நாட்டுக்கு வந்துபோகும் அயல்நாட்டு விமானங்களையும் கட்டுப்படுத்தின. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2008-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், போக்குவரத்தும் செய்தியும் அனைவர்க்கும் எட்ட வேண்டும் என்கிறது.

விதி எழுதுவது எளிது. நடைமுறை எப்படி இருக்கிறது? காது கேளாத பயணியைக் குறிக்க விமான நிறுவனங்களிடையே நான்கெழுத்துக் குறியீடு ஒன்றே உண்டு. அதைப் பதிவு செய்தும், உதவி வேண்டும் என்று சொன்ன ஒரே காரணத்தால், நன்றாக நடக்கக்கூடியவர் முன் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்துவது பல நாடுகளிலும் காது கேளாதோர் சொல்லும் குறை. அவருக்கு வேண்டியது நாற்காலி அன்று. எழுதிக் காட்ட ஒரு தாள். உதட்டசைவைப் படித்துப் பொருள் உணர்வோர் இருளில் என் செய்வர்? நெருக்கடியில் விளக்கு அணைந்தாலோ, பணியாளர் பிராணவாயு முகமூடி அணிந்தாலோ உதடு மறைந்துபோகும். 2020-இல் கொள்ளைநோய் பரவி எல்லோரும் முகக்கவசம் அணிந்தபோது, இவ்விடர் நிலையத்தின் வாயிலிலிருந்தே தொடங்கியது.

சென்னை விமான நிலையத்தில் 2018-ஆம் ஆண்டு, ஒலிபெருக்கி அறிவிப்புகளைக் குறைத்துத் திரைகளையே நம்பச் செய்யும் முயற்சி தொடங்கிற்று. இரைச்சலைத் தணிப்பதே அதன் நோக்கம். பஞ்சடைத்த காதோடு பறந்த காலத்தைப் போல, எல்லோரையும் மீண்டும் கண்ணை நம்ப வைத்த ஏற்பாடு அது. ஆயினும் பார்வையற்ற பயணியை எண்ணும்போது நான் தயங்குகிறேன். அவருக்குத் திரையால் பயனில்லை, குரல் வேண்டும். ஒருவர்க்காக மற்றொருவரிடமிருந்து பிடுங்குவது தீர்வாகாது; எழுத்தும் வேண்டும், குரலும் வேண்டும்.

விமானத்துக்குள் இன்று ஒவ்வொரு இருக்கைக்கும் முன்னே ஒரு திரை இருப்பது பெரிய விமானங்களில் வழக்கமாகிவிட்டது. பயணிகள் அதில் படம் பார்த்துக்கொண்டிருப்பர். தலைமை விமானி பேசத் தொடங்கியதும் படம் சட்டென்று நிற்கும். ஓடிக்கொண்டிருந்த எழுத்துகளும் நிற்கும். 'அறிவிப்பு நடைபெறுகிறது' என்று மட்டும் திரையில் தோன்றும். காது கேளாதவர் அதனைப் படிப்பார். சுற்றியிருப்போர் முகங்களைப் பார்ப்பார். பிறகு அந்த எழுத்து மறைந்து படம் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கும்.