44ஆம் வரிசையில் நின்றுபோன கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் கல்வி உதவி நிதியின் கணக்கை கூகுள் ஷீட்டில் பார்த்தேன். ஷீட்டில் இருப்பு 11,400 ரூபாய். வங்கியில் 6,900தான். கணக்குப் பார்க்கும் தம்பிக்குப் போன் போட்டு, "மீதிப் பணம் எங்கேப்பா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட தொனி சரியில்லை.

அவன் கோபப்படவில்லை. "சார், செலவு மொத்தம் இருக்கிற கட்டத்தை ரெண்டு தடவை தட்டிப் பாருங்க" என்றான். தட்டினேன். பார்முலா எந்தக் கட்டங்களைக் கூட்டுகிறதோ, அவற்றைச் சுற்றி வண்ணக் கோடு விழுந்தது. கோடு 18ஆம் வரிசையோடு நின்றது. செலவோ 21 வரை இருந்தது. விடுபட்ட மூன்று செலவும் சேர்ந்து சரியாக 4,500 ரூபாய். அந்தப் பார்முலாவைப் போட்டவன் நான்தான்.

இந்தக் கட்டக் கணக்கு பிறந்ததே ஒரு வகுப்பறையில்தான். 1978இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்ளின் என்ற மாணவர் படித்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் கரும்பலகையில் கட்டம் போட்டுக் கணக்கு எழுதுவார். ஒரு எண் மாறினால் அதைச் சார்ந்த எண்களை எல்லாம் அழித்து எழுத வேண்டும். சாக்பீஸ் பிடித்தவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும். ஒன்றை மாற்றினால் மற்றவை தானாக மாறும் பலகை இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'விசிகால்க்' 1979இல் வெளிவந்தது. 1983இல் லோட்டஸ் 1-2-3, 1985இல் எக்செல், 2006இல் கூகுளின் ஆன்லைன் ஷீட் என்று வளர்ந்தது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கரும்பலகையில் வழிமுறை கண்ணுக்குத் தெரியும். ஷீட்டில் விடை மட்டும் தெரியும், வழிமுறை பின்னால் ஒளிந்துகொள்ளும். அதனால் வந்த வினையைக் கேளுங்கள்.

2010இல் பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் ஒரு கட்டுரை எழுதினார்கள். நாட்டின் கடன், மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் ஆகிவிடும் என்றது அது. அரசுகள் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடிய தலைவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதை ஆதாரமாகக் காட்டினார்கள்.

ஆம்ஹர்ஸ்ட்டில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. எழுதிக் கேட்டு அசல் எக்செல் கோப்பை வாங்கினார். 30 முதல் 49 வரை எடுக்க வேண்டிய சராசரி 44ஆம் வரிசையில் நின்றிருந்தது! ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன.

நியாயமாகச் சொல்ல வேண்டும். பிழை அது மட்டுமல்ல. சில ஆண்டுகளின் விவரத்தை விட்டதும், சராசரி எடுத்த முறையும் காரணங்கள் என்று ஹெர்ன்டனும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் 2013இல் எழுதினார்கள். எல்லாம் திருத்தியபின் விடை 2.2 சதவீதம். வரிசைப் பிழையை அந்த அறிஞர்கள் ஒப்புக்கொண்டார்கள். மையக் கருத்து மாறாது என்றும் சொன்னார்கள்.

அந்த ஒரு கட்டத்தை இரண்டு முறை தட்டியிருந்தால் வண்ணக் கோடு காட்டிக் கொடுத்திருக்கும். நானும் போன் போடுவதற்கு முன் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

சங்கக் கணக்கு, சீட்டுக் கணக்கு, கல்யாண மொய்க் கணக்கு எதுவானாலும், கீழே புது வரிசை சேர்த்ததும் மொத்தக் கட்டத்தைத் தட்டி, கோடு கடைசி வரிசை வரை போகிறதா என்று பாருங்கள்.

வகுப்பில் உங்கள் தவறை எல்லார் முன்னாலும் சொல்லித் திருத்தியவன் நான். அதனால் இதையும் எல்லார் முன்னாலும் சொல்கிறேன். தம்பி, உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்ளப்பா.

அன்புடன்,
உங்கள் சார்