கலைவழிச் சிகிச்சை: என்ன படிக்கலாம்? என்ன வேலை கிடைக்கும்?

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை, மேலப்பாளையம் என நம் ஊர்களிலிருந்து வேன் பிடித்துக் குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போவது வழக்கம். அருவியில் தலையைக் கொடுத்தால் பித்தம் தெளியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மனம் கலங்கியவர்களைக் கூட்டி வந்து அருவியில் நிறுத்துவதும் உண்டு. குளித்து வந்தால் மனம் இலேசாகும் என்பது உண்மைதான். ஆனால் மனநோய் குளித்துத் தீர்வதில்லை. அதற்கு மருத்துவரும் மருந்தும் வேண்டும். உள்ளே அடைத்துக் கிடப்பதை வெளியே கொண்டுவர ஒரு வழியும் வேண்டும்.

அந்த வழிகளில் ஒன்றுதான் ஆர்ட் தெரபி எனப்படும் கலைவழிச் சிகிச்சை. பிளஸ் டூ முடித்த பிள்ளை இதைப் படிக்கப் போகிறேன் என்றால், "படம் வரைந்து பிழைக்க முடியுமா?" என்றுதான் வாப்பாவும் உம்மாவும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கான பதிலைப் பார்ப்போம்.

கலைவழிச் சிகிச்சை என்றால் என்ன?

இது ஓவிய வகுப்பு அல்ல. வாயால் சொல்ல முடியாத பயத்தையும் துக்கத்தையும் கோபத்தையும் நிறம், கோடு, களிமண், காகித ஒட்டு வேலை ஆகியவற்றின் மூலம் வெளிப்படுத்தச் செய்து, பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருந்து வழிநடத்தும் சிகிச்சை. படம் அழகாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. "கறுப்பு பூசினால் சோகம்" என்று ஜோசியம் சொல்வதும் இல்லை. வரைந்தவரையே பேச வைப்பதுதான் சிகிச்சையாளரின் வேலை. பேச்சு வராத குழந்தைகள், ஆட்டிசம் உள்ளவர்கள், விபத்தையோ வன்முறையையோ கண்டவர்கள், புற்றுநோயாளிகள், மறதிநோய் வந்த முதியோர், போதையிலிருந்து மீள்வோர் எனப் பலருக்கும் இது பயன்படுகிறது. மருந்துக்கு இது துணை, மாற்று அல்ல.

எங்கிருந்து வந்தது?

மருந்தோடு வேறு வழிகளையும் சேர்ப்பது முஸ்லிம்களின் வரலாற்றில் புதிதல்ல. துருக்கியின் எடிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸித் 1488-இல் கட்டிமுடித்த மருத்துவமனையில், இசையும் நீரூற்றின் ஓசையும் மனநோயாளிகளுக்கான சிகிச்சையில் இடம்பெற்றன. 17-ஆம் நூற்றாண்டின் பயணி எவ்லியா செலபி இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கட்டடம் இன்று மருத்துவ அருங்காட்சியகம்.

'ஆர்ட் தெரபி' என்ற பெயரை 1942-இல் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்தபோது வரைவது தனக்கு ஆறுதல் தந்ததைக் கண்டு, மற்ற நோயாளிகளுக்கும் கற்றுக்கொடுத்தார். பிரிட்டனில் இத்தொழிலுக்கான சங்கம் 1964-இலும் அமெரிக்காவில் 1969-இலும் உருவாயின.

மட்டக்களப்பில் ஒரு பூங்கா

தமிழ் பேசும் மண்ணில் இதற்கு நெருங்கிய உதாரணம் இலங்கையின் மட்டக்களப்பில் இருக்கிறது. 1990-ஆம் ஆண்டு வன்முறைகளில் அந்த மாவட்டத்தின் முஸ்லிம்களும் தமிழர்களும் ஏராளமான உறவுகளை இழந்திருந்தார்கள். இரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்த காலம். 1996-இல், கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும், உளவள ஆலோசகரான பாதிரியார் பால் சற்குணநாயகமும் சேர்ந்து அங்கே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே இடத்தில் படம் வரைந்தார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். போர் முடியும் என்று காத்திராமல், போர் நடக்கும்போதே இந்த வேலை நடந்தது. நம் மொழியில் இந்தச் சிகிச்சையைச் செய்ய முடியும், அதற்கான தேவையும் நம்மிடம் இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

இந்தியாவில் எப்படிப் படிப்பது?

2021-இல் நிறைவேறிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழிலாளர் தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் கலை, நடனம் வழியாகச் சிகிச்சை அளிப்பவர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள். ஆனால் பிரிட்டனைப் போல 'இந்தப் பட்டம் பெற்றவர்தான் ஆர்ட் தெரபிஸ்ட்' என்ற உறுதியான ஏற்பாடு இங்கே இன்னும் வேரூன்றவில்லை. எனவே முதலில் தனியாக நிற்கக்கூடிய ஓர் அடிப்படைப் படிப்பு. அதன் மேல் கலைவழிச் சிகிச்சை. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

அடிப்படைப் படிப்புக்கு மூன்று வழிகள்:

1. உளவியல். பி.எஸ்சி. அல்லது பி.ஏ. உளவியலுக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவர்களையும் சேர்க்கும் கல்லூரிகள் பல உள்ளன. அதன்பின் முதுகலை. 'மருத்துவ உளவியலாளர்' ஆக வேண்டுமானால் இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த படிப்பும் பதிவும் கட்டாயம்.

2. சிறப்புக் கல்வி. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் படிப்பு. இதற்கும் ஆர்.சி.ஐ. பதிவு உண்டு. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் இத்தகைய படிப்புகள் நடக்கின்றன.

3. சமூகப்பணி. எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் மருத்துவம், மனநலம் சார்ந்த பிரிவை எடுப்பது.

ஓவியக் கல்லூரியில் பட்டம் பெற்றவர்களும் இத்துறைக்கு வரலாம். ஆனால் உளவியலைத் தனியாகப் படித்தே ஆக வேண்டும்.

ஏமாற வேண்டாம்

சில நாட்களில் முடியும் இணைய வகுப்புக்குப் பணம் கட்டி, 'ஆர்ட் தெரபிஸ்ட்' சான்றிதழ் வாங்கிப் பலகை மாட்டுவோர் பெருகி வருகிறார்கள். அறிமுகத்துக்கு அத்தகைய வகுப்பு உதவலாம்; அதை வைத்துக்கொண்டு நோயாளியைத் தொடக்கூடாது. இன்னொன்று: 2025 ஜூலை-ஆகஸ்ட் கல்விப் பருவம் முதல் உளவியலைத் தொலைதூரக் கல்வியிலோ இணையவழியிலோ நடத்த யு.ஜி.சி. தடை விதித்துவிட்டது. "வீட்டிலிருந்தே உளவியல் பட்டம்" என்று யாராவது அழைத்தால் பணம் கட்டுவதற்கு முன் விசாரியுங்கள்.

எந்தப் படிப்பானாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? மருத்துவமனையிலோ சிறப்புப் பள்ளியிலோ நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம்? அந்தப் பயிற்சியை மேற்பார்வையிடுவது யார்?

வெளிநாட்டில்

பிரிட்டனில் 'ஆர்ட் தெரபிஸ்ட்' என்பது சட்டப் பாதுகாப்புள்ள பெயர். எச்.சி.பி.சி. என்ற அமைப்பு அங்கீகரித்த முதுகலைப் பட்டமும் அதில் பதிவும் இல்லாமல் அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாது. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ், ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகம் ஆகியவை இதில் பெயர் பெற்றவை. நமக்கு அருகில் சிங்கப்பூரின் லாசால் கலைக்கல்லூரி 2006 முதல் முதுகலைப் படிப்பு நடத்துகிறது. செலவு அதிகம் என்பதால் கடன் வாங்குவதற்கு முன், அந்த நாட்டுப் பட்டம் நாம் வேலை பார்க்கப்போகும் நாட்டில் செல்லுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

உள்ளூரில் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு ஓர் உதவி: அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

என்ன வேலை?

மனநல மருத்துவமனைகள், சிறப்புப் பள்ளிகள், ஆட்டிசம் மையங்கள், புற்றுநோய் மற்றும் வலிநிவாரணப் பிரிவுகள், போதை மறுவாழ்வு இல்லங்கள், முதியோர் இல்லங்கள், பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள். விளம்பரத்தில் 'ஆர்ட் தெரபிஸ்ட்' என்ற பெயர் அரிதாகவே வரும். உளவியல் ஆலோசகர், சிறப்பு ஆசிரியர், சமூகப் பணியாளர் என்றுதான் அழைப்பார்கள். அடிப்படைப் படிப்பை வலியுறுத்துவது இதனால்தான். அந்த வேலைக்குள் போனபிறகு கலை உங்கள் கையில் கூடுதல் கருவி.

உருவம் வரைவது பற்றி

உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது கூடுமா என்ற தயக்கம் நம் வீடுகளில் உண்டு. இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடும் இருக்கிறது. உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். சிகிச்சைக்கு உருவம் கட்டாயமில்லை. நிறங்கள், வடிவங்கள், மரம், மலை, அரபு எழுத்தணி, களிமண், துணி எதுவும் போதும்.

நமக்கு ஏன் அவசியம்?

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். பல ஊர்களிலிருந்து குடும்பத்தார் நம்பிக்கையோடு கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். துஆவோடு மருத்துவமும் சேர வேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் இல்லை. ஆண் மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசத் தயங்கும் பெண்கள் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் மொழியில், அவர்கள் வழக்கம் அறிந்து கேட்கும் ஒரு பெண் சிகிச்சையாளர் நம் ஊரில் இருந்தால் எத்தனை குடும்பங்கள் நிம்மதி அடையும்!

நோட்டின் ஓரமெல்லாம் வரைந்துகொண்டிருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் திட்டாதீர்கள். உட்கார வைத்துப் பேசுங்கள். யாருக்காவது இன்றே மனநல உதவி தேவைப்பட்டால், மத்திய அரசின் டெலி-மானஸ் இலவச எண் 14416. தமிழிலேயே பேசலாம்.