கொல்லாமல் வளரவைத்த மருந்து

அங்கன்வாடியில ஆறு மாசத்துக்கு ஒருமுறை குழந்தைங்களுக்கு விட்டமின் ஏ திரவம் கொடுக்கிறோம்ல? அதோட ரத்த சொந்தமான ஒரு மூலக்கூறு, ஒரு ரத்தப் புற்றுநோயோட தலையெழுத்தையே மாத்தின வரலாறு இது. கொஞ்சம் நீளமான த்ரெட்.

நோய் பேரு ஏபிஎல், அதாவது அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா. 1957ல் நார்வே மருத்துவர் ஹில்லஸ்டாட் இதைத் தனி நோயாக விவரித்தபோது, சில வாரங்களிலேயே மரணம் என்பதுதான் நிலை. எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்கள் பாதி வளர்ச்சியிலேயே நின்றுவிடும். அந்த அரைகுறை செல்கள் ரத்தம் உறையும் ஏற்பாட்டையே குலைத்துவிடும். பலரைக் கொன்றது மூளை ரத்தக்கசிவு.

1980ல் அமெரிக்காவில் பிரைட்மேன் குழு, ஆய்வகத்தில் லுகேமியா செல்கள் மீது ரெட்டினாயிக் அமிலத்தைச் சேர்த்தது. செல்கள் முதிர்ந்தன! 1986ல் ஷாங்காயில் வாங் சென்யீ, சாகக் கிடந்த 5 வயசு சிறுமிக்கு அதன் ஆல்-டிரான்ஸ் வடிவத்தை (ஏடிஆர்ஏ) கொடுத்தார். பிழைத்தாள். 1988ல் வெளியிட்ட கட்டுரையில் 24 பேரில் 23 பேருக்கு இந்த ஒரே மருந்தில் நோய் அடங்கியிருந்தது.

ஏன்னு பிறகுதான் புரிஞ்சது. 15, 17ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் உருவாகும் ஒரு கோளாறான புரதம், முதிர்ச்சிக்குப் பூட்டு போடுகிறது. ஏடிஆர்ஏ அந்தப் பூட்டைத் திறக்கிறது. செல் வளர்ந்து, ஆயுள் முடிந்து தானாகச் சாகிறது. (மெடிக்கல் ஷாப் விட்டமின் ஏ மாத்திரை இந்த வேலையைச் செய்யாது. அளவு மீறினால் கல்லீரல்தான் கெடும்.)

நம்ம ஊர்ல சிக்கல் காசு. ஏடிஆர்ஏவும் கீமோவும் சேர்ந்து பலருக்குக் கட்டுப்படியாகல. வேலூர் சிஎம்சி 1998 முதல் ஆர்சனிக் டிரையாக்சைடை மட்டும் வைத்துச் சிகிச்சை அளித்தது. மருந்தை அவங்களே தயாரிச்சாங்க. ஆமா, பாஷாணம்தான். விக்ரம் மேத்யூஸ் குழு 2006ல் வெளியிட்ட முடிவில், 72 பேரில் சுமார் 86% பேருக்கு நோய் முழுசா அடங்கியிருந்தது. 2013ல் ஐரோப்பிய ஆய்வொன்று, பெரும்பாலானோருக்கு ஏடிஆர்ஏவும் ஆர்சனிக்கும் சேர்ந்தாலே போதும், வழக்கமான கீமோ வேண்டாம் என்று காட்டியது.

இன்னைக்கும் உயிர் போறது பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான். போடியிலயோ கூடலூர்லயோ தட்டணு குறைஞ்சா எல்லாருக்கும் முதல்ல டெங்குதான் ஞாபகம் வரும், அடுத்து பப்பாளி இலைச்சாறு. ஈறுல ரத்தம், அடிபடாமலே உடம்புல நீலத் திட்டு, கூடவே ரத்தசோகைன்னா ஒரு ரத்தப் பூச்சு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தே ஆகணும். அதில் ஏபிஎல் சந்தேகம் வந்தாலே, மரபணு ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் அன்னைக்கே ஏடிஆர்ஏ ஆரம்பிக்கணும்.