உள்நாட்டு விவகாரம்!

2007 நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. கோலாலம்பூரில் குறைந்தது 10,000 தமிழர்கள் தெருவில் இறங்கினார்கள். கூட்டியது ஹிண்ட்ராஃப். தோட்ட வேலைக்குக் கூட்டிப்போன பிரிட்டிஷ்காரன் 1957-ல் அம்போவென விட்டுப் போனதற்கு எலிசபெத் ராணியிடம் மனு கொடுக்க வேண்டும் என்பது திட்டம். நிஜமான கோபம் என்னவோ இடிக்கப்பட்ட கோயில்கள், படிப்பிலும் வேலையிலும் ஓரங்கட்டல். கிடைத்த பதில் கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீரங்கி, கைது. 31 பேர் மேல் கொலை முயற்சி வழக்கே போட்டார்கள் (பிறகு அது கைவிடப்பட்டது).

திண்டுக்கல்காரர்களுக்கு இது ஏதோ தூரதேசச் செய்தி அல்ல. 1985 வரை திண்டுக்கல் மதுரை மாவட்டம்தான். கங்காணிகள் மலாயாவுக்கு ஆள் சேர்த்த மாவட்டங்களில் மதுரையும் ஒன்று.

முதல்வர் கருணாநிதி பிரதமர் மன்மோகன் சிங்குக்குக் கடிதம் எழுதினார். உடனே மலேசிய அமைச்சர் நஸ்ரி அஜீஸ், அவர் தன் மாநிலத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், இது மலேசியா என்று சூடாகச் சொன்னார். டெல்லியோ "கவலை"யோடு நின்றது. வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி, மலேசிய அரசோடு தொடர்பில் இருப்பதாக நாடாளுமன்றத்தில் சொன்னார். சிக்கல் இதுதான்: அடிபட்டவர்கள் இந்திய வம்சாவளி, ஆனால் மலேசியக் குடிமக்கள். டிசம்பர் 13-ல் ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐந்து பேர் விசாரணையே இல்லாமல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போனார்கள். டெல்லியின் கவலை அதைத் தடுக்கவில்லை. அவர்களுக்குக் கைகொடுத்தது ஓட்டுப்பெட்டி. 2008 மார்ச் தேர்தலில் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பங்கு பலத்தை இழந்தது, சாமிவேலுவே தோற்றார். கமுண்டிங் முகாமில் அடைபட்டிருந்த மனோகரன் சிலாங்கூர் சட்டமன்றத்துக்கு ஜெயித்தார்! ஐவரும் 2009-ல் வெளியே வந்தார்கள்.

அப்புறம் சக்கரம் திரும்பியது. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக இந்தியாவில் போராட்டம், உயிர்ப்பலி. மலேசியப் பிரதமர் மகாதீர் அந்தச் சட்டத்தை விமர்சித்தார். டெல்லி மலேசியத் தூதரக அதிகாரியைக் கூப்பிட்டு, எங்கள் உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாதீர்கள் என்றது. நஸ்ரி சொன்ன அதே வசனம்!

ஆனால் இந்த முறை வசனத்தோடு முடியவில்லை. 2020 ஜனவரி 8-ல் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு போட்டது. உத்தரவில் மலேசியா என்ற பெயர் கிடையாது. அடி விழுந்தது என்னவோ அங்கேதான். ஒரு சட்டத்தை விமர்சித்ததற்கே பாமாயிலில் கை வைக்க முடிந்தது. 2007-ல் கண்ணீர்ப்புகையில் ஓடியவர்களுக்காக டெல்லி அந்த டின்னைத் தொடக்கூட இல்லை.